தடையற்ற வணிக மண்டலமா, சொந்த ஆலையே பாண்டட் கிடங்கா? குமரி மாவட்ட முந்திரி இறக்குமதியாளருக்கு ஓர் ஒப்பீடு

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு, மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடை வட்டாரத்து முந்திரி ஆலைக்காரர்களிடையே ஒரு யோசனை அடிபடுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையைத் தூத்துக்குடியில் வரி கட்டி உடனே எடுப்பதற்குப் பதில், துறைமுகத்தை ஒட்டிய தடையற்ற வணிக மண்டலத்தில் இறக்கி வைத்து, ஆலைக்குத் தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு மட்டும் வரி செலுத்தி எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. வரியைத் தள்ளிப்போடுவது நல்லதுதான். ஆனால் அதே வசதியைத் தரும் வேறு வழிகளும் சட்டத்தில் உள்ளன. சுங்கத் துறையிடம் பாண்ட், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்துத் தீர்வை கட்டாமல் சரக்கை வைத்திருக்கும் பாண்டட் கிடங்கு அவற்றில் ஒன்று. எது மலிவு என்பதைக் கிடங்கு வாடகையையும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முந்திரியைப் பொறுத்தவரை கிடங்கு என்பது தவிர்க்க முடியாத செலவு. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை ஏறத்தாழ பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை நடக்கிறது. தான்சானியாக் கொட்டை அக்டோபருக்குப் பிறகு வருகிறது. ஆலையோ ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். ஆகவே பருவத்தில் வாங்கிய சரக்கு ஆறேழு மாதங்கள் எங்காவது அடுக்கப்பட்டுக் கிடக்கும். அது எங்கே, யாருடைய பணத்தில் கிடக்கிறது என்பதில்தான் லாப நட்டம் இருக்கிறது.

மண்டலம் இயங்கும் விதம்

இந்தியாவில் இவ்வகை மண்டலங்கள் 2005-ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வணிகமும் கிடங்கும் மட்டுமே முதன்மையான தொழிலாக உள்ள மண்டலத்துக்குத் தடையற்ற வணிகக் கிடங்கு மண்டலம் என்று பெயர். நமக்குக் கைக்கெட்டிய தொலைவில் கொச்சி வல்லார்பாடத்தில் டிபி வேர்ல்டு நிறுவனத்தின் மண்டலம் உள்ளது. சென்னைப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரிலும், மீஞ்சூரை அடுத்த நந்தியம்பாக்கத்திலும் உள்ளன. மண்டலத்தை அமைப்பவர் ஒருவர். அதற்குள் வளர்ச்சி ஆணையரின் அனுமதிக் கடிதம் பெற்று இயங்கும் யூனிட் வேறொருவர். அந்த யூனிட்டிடம் சரக்கை வைத்திருக்கும் வாடிக்கையாளர் மூன்றாமவர். நம் ஆலைக்காரர் பெரும்பாலும் இந்த மூன்றாமவராகவே இருப்பார். அவருக்குத் தனியே மண்டல அனுமதி தேவையில்லை. யூனிட் தன் பெயரில் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும்.

சுங்கத் தீர்வையைப் பொறுத்தவரை மண்டலம் வெளிநாட்டுக்குச் சமமாகக் கருதப்படுகிறது. துறைமுகத்திலிருந்து சரக்கு தீர்வையின்றி உள்ளே செல்லும். உள்நாட்டுக்கு எடுக்கும் நாளில், அன்றைய விகிதப்படி தீர்வை செலுத்தினால் போதும். இடைப்பட்ட காலத்துக்கு வட்டி இல்லை. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், மண்டலக் கிடங்கில் இருக்கும்போதே சரக்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு விற்கப்பட்டால் அந்த விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதை, 2017 ஜூலை 1 முதலே செல்லும்படி தெளிவாக்கிவிட்டது. இடையில் கைமாறும் சரக்குக்கு இது பெரிய ஆறுதல்.

கட்டுப்பாடுகளும் உண்டு. வெளிநாட்டு விற்பனையாளரின் கணக்கில் சரக்கை வைத்திருக்கலாம். லேபிள் ஒட்டலாம், பிரித்துக் கட்டலாம். ஆனால் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் விதி 18(5) பதப்படுத்தும் வேலையை அனுமதிப்பதில்லை. யூனிட்டின் பரிவர்த்தனைகள் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியிலேயே நடக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. முதல் நிபந்தனை முந்திரிக்காரரைக் கடிக்கும். கப்பலில் வியர்த்து ஈரம் ஏறி வந்த கொட்டையை உடனே களத்தில் கொட்டிக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பருப்பு கறுத்துவிடும். பேலட் (மூட்டைகளை அடுக்கும் தட்டு) அடுக்குகளுக்காகக் கட்டப்பட்ட மண்டலக் கிடங்கில் வெயில் படும் களம் எங்கே இருக்கும்? காயவைப்பது பதப்படுத்தலா அல்லவா என்பதையும் சரக்கை இறக்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பில்லில் என்னென்ன வரும்

மண்டலத்தின் கட்டணம் ஒரே வரியாக வராது. துறைமுகத்திலிருந்து மண்டலத்துக்கு முத்திரையிட்ட லாரி வாடகை, கண்டெய்னரைத் திறந்து இறக்கும் கூலி, பேலட்டில் அடுக்கும் கூலி, பேலட்டுக்கு வாரம் இவ்வளவு என்றோ சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்றோ வாடகை, வெளியே எடுக்கும்போது மறுபடியும் ஏற்றுகூலி, ஒவ்வொரு பில் ஆஃப் என்ட்ரிக்கும் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம்) ஆவணக் கட்டணம், சரக்கு மதிப்பின் மீது காப்பீடு எனத் தனித்தனியாக வரும். சில்லறை சில்லறையாக எடுப்பதுதான் இந்த ஏற்பாட்டின் கவர்ச்சி. ஆனால் இருபது முறை எடுத்தால் இருபது பில் ஆஃப் என்ட்ரி, இருபது ஆவணக் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது வாடகை விகிதத்தை அல்ல. குறைந்தபட்ச உத்தரவாத இடம் எவ்வளவு என்பதைத்தான். கிடங்கு காலியான பிறகும் அந்த இடத்துக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

தூத்துக்குடியில் நேராக எடுக்கும்போது வேறு மீட்டர்கள் ஓடுகின்றன. கண்டெய்னர் சி.எஃப்.எஸ். (கண்டெய்னர் சரக்கு நிலையம்) வளாகத்தில் இருக்கும் நாட்களுக்குக் கிரவுண்ட் ரென்ட் என்ற இட வாடகை ஓடும்; கண்டெய்னரைக் காலி செய்து கப்பல் கம்பெனியிடம் திருப்பும் வரை டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஓடும். இலவச நாட்கள் முடிந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். நாள் கூடக் கூட விகிதமும் படிப்படியாக ஏறும். பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்தபின் துறைமுகக் கட்டணங்களை அந்தந்தத் துறைமுக வாரியமே நிர்ணயிக்கிறது, சி.எஃப்.எஸ். கட்டணமோ பேரம் பேசக்கூடியது. ஆனால் இவை எல்லாம் சில நாட்களின் செலவுகள். கொட்டையை ஆலைக்குக் கொண்டுவந்துவிட்டால் நின்றுவிடும்.

ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு, 210 நாள்

கணக்குக்காக 80 டன் கொட்டை, அதாவது 80 கிலோ மூட்டையாக 1000 மூட்டை, மதிப்பு ஒரு கோடி ரூபாய் என்று கொள்வோம். கொட்டைக்கான அடிப்படைத் தீர்வை 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைக்கப்பட்டது. அதன் மேல் சமூகநல கூடுதல் வரியும் 5 சதவீத ஐ.ஜி.எஸ்.டி.யும் (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) சேர்ந்தால் சுமார் 8 லட்சம் ஆகிறது. இதில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஐ.ஜி.எஸ்.டி. பின்னர் வரவாகத் திரும்பிவிடும். வங்கி வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றும், சரக்கு முழுவதும் 210 நாள் கிடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

அந்த 8 லட்சத்தை 210 நாள் தள்ளிப்போடுவதன் பயன் ஏறத்தாழ 46,000 ரூபாய். இந்தத் தொகைதான் மண்டலம் நமக்கு மிச்சப்படுத்தித் தரும் வட்டி. ஒரு பேலட்டுக்குப் பன்னிரண்டு மூட்டை என்றால் 84 பேலட். 30 வாரத்துக்கு 2,520 பேலட் வாரங்கள். வகுத்துப் பார்த்தால், பேலட்டுக்கு வாரம் 18 ரூபாயைத் தாண்டியவுடன் மண்டல வாடகையே மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. ஏற்றுகூலியும் ஆவணக் கட்டணமும் இன்னும் கணக்கில் வரவில்லை. நம் ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கிடங்கும் களமும் இருப்பதால், இந்த வாடகை முழுவதும் கூடுதல் செலவு. சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் வட்டி மிச்சமும் வாடகையும் சேர்ந்தே குறையும். எனவே முடிவு மாறாது.

சாதாரண பாண்டட் கிடங்கின் நிலை இதைவிட மோசம். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி அங்கே சரக்கை ஓராண்டு வைத்திருக்கலாம். முதல் 90 நாளுக்கு வட்டி இல்லை. அதன் பிறகு செலுத்த வேண்டிய தீர்வையின் மீது ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. மேலே சொன்ன சரக்குக்கு எஞ்சிய 120 நாளுக்கு 39,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகப் போகும். 46,000-இல் மிஞ்சுவது ஆறாயிரத்துச் சொச்சம். தீர்வைத் தொகையைப்போல் மூன்று மடங்குக்குப் பாண்ட் எழுதிக் கொடுத்து, கிடங்கு வாடகையும் கொடுத்து ஆறாயிரம் மிச்சப்படுத்த யாரும் மெனக்கெட மாட்டார்கள். மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடும் சரக்குக்கு மட்டும் இது பொருந்தும்.

ஆலையே கிடங்கானால்

நம் மாவட்டத்துக்கு மிகவும் பொருத்தமான வழி இதுதான் என்பது என் கருத்து. சுங்கச் சட்டத்தின் 65-ஆம் பிரிவும் 2019-ஆம் ஆண்டின் விதிமுறைகளும், பாண்டட் கிடங்குக்குள்ளேயே உற்பத்தி செய்ய அனுமதிக்கின்றன. அண்டி ஆபீஸின், அதாவது முந்திரி ஆலையின், சுற்றுச்சுவருக்குள் இருக்கும் கிடங்கு, களம், அவிக்கும் இடம், தல்லும் (ஓட்டை உடைக்கும்) கூடம், தரம் பிரிக்கும் அறை ஆகிய அனைத்தையும் சேர்த்து உரிமம் வாங்கலாம். கொட்டை தீர்வையின்றி வந்து சேரும். அதற்குக் கால வரம்பும் இல்லை, 90 நாளுக்குப் பிறகான வட்டியும் இல்லை. பருப்பை 11.34 கிலோ டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்தால் அதில் சென்ற கொட்டைக்குத் தீர்வையே கிடையாது. உள்நாட்டில் விற்றால், அந்தப் பருப்புக்குச் செலவான கொட்டையின் தீர்வையைச் செலுத்த வேண்டும். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் போன்றவற்றை இறக்குமதி செய்தாலும் அவற்றின் தீர்வை தள்ளிப்போகும்; ஏற்றுமதியாளர் இயந்திரங்களைச் சலுகையில் இறக்குமதி செய்யும் இ.பி.சி.ஜி. திட்டத்தில் உள்ளதுபோல் மிச்சமான தீர்வையின் ஆறு மடங்குக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

இதற்கு விலை உழைப்பு. கிடங்குப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். வரவு, உற்பத்தி, வெளியேற்றம் மூன்றையும் கணினியில் பதிந்து, மாதம் முடிந்த பத்து நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். எந்தக் கப்பல் கொட்டை எந்த டின்னில் போனது என்று காட்டத் தெரியாத ஆலை இதில் இறங்கக் கூடாது. பலரும் மறந்துவிடும் இன்னொன்று, கொட்டை ஓடு. நம் ஊரில் ஓடு வீணாவதில்லை. எண்ணெய் ஆலைக்கு விலைக்குப் போகிறது. ஏற்றுமதிப் பருப்பிலிருந்து மிஞ்சிய கழிவை அழிக்க வேண்டும், இல்லையேல் அந்த வடிவிலேயே இறக்குமதியானதாகக் கருதி அதற்குத் தீர்வை செலுத்த வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஓட்டின் எடையையும் விற்பனையையும் கணக்கில் ஏற்றாதவர்கள் தணிக்கையில் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஆலையையே ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் கொண்டுபோனால் என்ன, நாங்குநேரியில் நிலம் கிடக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. முழுவதும் ஏற்றுமதி செய்யும் ஆலையானால் யோசிக்கலாம். உள்நாட்டில் விற்கும் ஆலைக்கு அது பொறி. 65-ஆம் பிரிவில் தீர்வை உள்ளே வந்த கொட்டையின் மீது. மண்டலத்திலோ வெளியேறும் பொருள் பருப்பு, ஆகவே பருப்புக்குரிய தீர்வை. 2019 பட்ஜெட்டில் பருப்பின் இறக்குமதித் தீர்வை 45 சதவீதத்திலிருந்து 70 ஆக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டுப் பருப்பைத் தடுத்து நம் ஆலைகளைக் காக்க வந்த அந்தச் சுவர், மண்டலத்துக்குள் போன ஆலையை வெளியே நிறுத்திவிடும்.

கொழும்பும் ஜெபல் அலியும்

வெளிநாட்டு மண்டலங்களில் சரக்கை வைக்கலாமா என்பதையும் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். இலங்கை 2012-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் நிதிச் சட்டத்தின் கீழ் கொழும்பு, அம்பாந்தோட்டை துறைமுகங்களைச் சுதந்திரத் துறைமுகங்களாக்கியது. 1985-இல் தொடங்கிய துபாயின் ஜெபல் அலி மண்டலத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். இந்தியாவுக்கு வரவே வராத சரக்கை, எடுத்துக்காட்டாக ஆப்பிரிக்காவில் வாங்கி வியட்நாமுக்கு விற்கும் கொட்டையை, அங்கே வைக்கலாம். நம் ஆலைக்கு வர வேண்டிய கொட்டையை அங்கே இறக்கினால் இரண்டு கப்பல் வாடகை, இரண்டு முறை இறக்கி ஏற்றும் கூலி; விளைந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழையும் புகையூட்டல் காகிதத்தையும் இங்குள்ள தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகளிடம் விளக்கும் வேலையும் சேரும்.

மண்டலம் வெல்லும் ஓரிடம்

இவ்வளவும் சரக்கு நம்முடையது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. சரக்கு விற்பனையாளருடையதாகவே மண்டலத்தில் கிடந்து, நாம் நூறு நூறு மூட்டையாக விலைக்கு வாங்கி எடுப்பதானால் கணக்கு தலைகீழாகிறது. அப்போது மிச்சமாவது 8 லட்சத்தின் வட்டி மட்டுமல்ல, ஒரு கோடியின் வட்டியும்தான்: 210 நாளுக்கு ஏறத்தாழ 5 லட்சத்து 75 ஆயிரம். இரண்டையும் சேர்த்தால், பேலட்டுக்கு வாரம் 246 ரூபாய் வரை மொத்தச் செலவு போனாலும் நட்டமில்லை. வங்கியில் கடன் வரம்பு முட்டி நிற்கும் சிறிய ஆலைக்கு இது உண்மையான வாய்ப்பு. ஆலையின் 65-ஆம் பிரிவு உரிமம் இந்த வசதியை அவ்வளவு எளிதாகத் தராது, ஏனெனில் தன் கைக்காவலுக்கு வெளியே, கடன் வாங்குபவரின் சுவருக்குள்ளேயே சரக்கை விட்டுவைக்க அபிஜானிலோ டார் எஸ் சலாமிலோ உள்ள விற்பனையாளர் துணிவது அரிது. மண்டல யூனிட் நடுநிலையான மூன்றாவது கை.

விற்பனையாளரும் அந்த வட்டியை விலையில் ஏற்றப் பார்ப்பார் என்பதால், ரொக்க விலைக்கும் மண்டல விலைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் கேட்டு வாங்க வேண்டும். தொலைவையும் சேர்க்க வேண்டும்: நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 130 கிலோமீட்டர், கொச்சி அதைப் போல் இரு மடங்குக்கு மேல். களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள விழிஞ்ஞம் பெருங்கப்பல்களிலிருந்து கண்டெய்னரை மாற்றி அனுப்பும் துறைமுகமாகவே தொடங்கியது. அதன் பக்கத்தில் முந்திரி மூட்டைக்கு ஏற்ற மண்டலக் கிடங்கு அமைந்தால் லாரிச் செலவின் பெரும்பகுதி குறையும், அப்போது மேலே சொன்ன 246 ரூபாயில் வாடகைக்கு ஒதுக்க முடிந்த பங்கும் கூடும்.

அப்படி ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திடுபவர் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை விடக் கூடாது. கொட்டை கிடங்கில் காயக் காய எடை குறையும். ஆகவே விலை மண்டலத்துக்குள் போன எடைக்கா, வெளியே வந்த எடைக்கா என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்ற அளவும் மாதங்கள் செல்லச் செல்ல இறங்கும். அதனால் கப்பல் ஏறியபோது எடுத்த மாதிரிச் சோதனையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு லாட் வெளியேறும்போதும் இரு தரப்பும் ஏற்ற சரக்குச் சர்வேயர் கொட்டையை வெட்டிப் பார்த்துத் தரும் அளவின்படியே அந்த லாட்டின் விலையைத் தீர்க்க வேண்டும்.