மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: சான்று கேட்காத வாசல்

என் பெரியம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. இரண்டு கண்களிலும் புரை முற்றி, அரிசியில் கல் பொறுக்கக்கூட முடியாத நிலை வந்த பிறகும் அவர் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்காமல் இருந்ததற்குக் கத்தியின் மேலுள்ள பயம் காரணமன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில், வரிசை புரியாமல் முன்னால் போய் நின்றவரை "ஏ கிழவி, தள்ளி நில்லு" என்று ஒரு பணியாளர் எல்லார் முன்னிலையிலும் விரட்டிவிட்டார். கண்ணே போனாலும் இனி ஆஸ்பத்திரிப் படி மிதிப்பதில்லை என்று அன்று முடிவெடுத்தவரை மதுரைக்கு அழைத்து வர எனக்கு ஓராண்டு பிடித்தது.

அண்ணாநகரில் உள்ள இந்த மருத்துவமனையில் கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு என இரண்டு உண்டு. எதில் சேர்வது என்பதை நோயாளியே தீர்மானித்துக்கொள்ளலாம். பெரியம்மா மஞ்சள் பைக்குள் ரேஷன் அட்டையையும் வருமானச் சான்றிதழையும் சுருட்டி வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்கள் என்று பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. தன் ஏழ்மையை நான்கு பேர் முன்னால் நிரூபித்துக் காட்டச் சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய மரியாதையை ஒரு மருத்துவமனை தன் வாசலில் செய்துவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து கொஞ்சம் எரியும். அதை விட வந்த பெண் முதலில் குனிந்து, பெரியம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, மருந்து விடப் போறேன், கொஞ்சம் எரியும், கசக்கிறாதீங்க" என்று சொன்ன பிறகே இமையைத் தொட்டார். மங்கலாகத்தான் தெரியும் என்னும் நிலையில் இருப்பவரிடம் சொல்லாமல் கை வைத்தால் அவர் எப்படித் திடுக்கிடுவார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. இப்பெண்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து, இங்கேயே இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியில் கற்றது எவ்வளவு, வீட்டுப் பெரியவர்களிடம் பழகிக் கற்றது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று நான் பார்த்த நான்கைந்து பேரும் அப்படியே நடந்துகொண்டதால், அது ஒருவரது நல்ல மனநிலையைச் சார்ந்ததன்று, வேலையின் முறையாகவே ஆகியிருக்கிறது என்று தோன்றியது.

இந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்ட பின்பும் அதே விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி அறுவை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், 58-ஆம் வயதில், 11 படுக்கைகளோடு இதை ஆரம்பித்தார். கட்டணப் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றுவது அதே மருத்துவர்கள்தாம். புரையை அகற்றிய பின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தை உருவாக்கி அதை இங்கேயே குறைந்த செலவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஏழைக்குத் தடித்த கண்ணாடி போதும் என்று விட்டுவிடாத அந்த முடிவையும் நான் மரியாதையின் கணக்கில்தான் சேர்ப்பேன். இனிமையாகப் பேசிவிட்டு மட்டமான சிகிச்சை தந்தால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்?

தங்கும் வசதியில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு உண்டு. பணம் கட்டுவோருக்குக் கிடைக்கும் தனி அறை இலவசப் பிரிவில் இல்லை. எனக்கு அது உறுத்தவில்லை. அங்கே கட்டணம் கட்டுபவரின் பணம் இங்கே இன்னொருவரின் கண்ணுக்கு உதவுகிறது. கூட்டம் எப்போதும் இருக்கும் என்பதால், செல்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவதும், பெரியவர்களுடன் ஒருவர் துணைக்கு வருவதும் நல்லது. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மறுநாள் கட்டுப் பிரித்துக் கருப்புக் கண்ணாடி மாட்டியபோது, அடுத்த கண்ணைப் பற்றி நான் எப்படிப் பேச்செடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பெரியம்மாவே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கண்ணுக்கு எப்பத்தா வரணும்?" என்று கேட்டுவிட்டார்.