வட்ட முகம், அலை முடி, சென்னை வெக்கை: லேயர் கட்டோடு சில வருஷம்

முடியை மேலே குட்டையாக, கீழே நீளமாக அடுக்கடுக்காக வெட்டுவதுதான் லேயர் கட். அதைச் செய்த அன்று யாருக்கும் அழகாகத்தான் இருக்கும். பார்லரில் ப்ளோ ட்ரை செய்து, நுனியை உள்பக்கமாகச் சுருட்டிவிட்டு, பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள். தலைக்குக் குளித்து, ஃபேன் காற்றில் காயவைத்து, பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு அது என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். சில வருஷமாக லேயரை விடாமல் வைத்திருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

எனக்கு வட்ட முகம். கன்னம்தான் அகலம், தாடையில் கூர் கிடையாது. முடி அடர்த்தி, லேசான அலை, பாதி முதுகு வரை நீளம். இப்படி இருப்பவர்கள் வெட்டுக்கு என்ன பெயர் என்று அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்டெப் கட், ஃபெதர் கட், பட்டர்ஃபிளை கட் என்று பார்லருக்குப் பார்லர் ஏதாவது சொல்வார்கள். முன்பக்கத்தில் ஆகக் குட்டையான லேயர் எங்கே முடிகிறது என்பதை மட்டும் கேளுங்கள். முடி முடிகிற இடத்தில்தான் பார்வை நிற்கும். அலை முடி அங்கேதான் புஸ்ஸென்று விரியவும் செய்யும். அது கன்னத்தில் நடந்தால் வட்டம் இன்னும் வட்டமாகும். தாடைக்குக் கீழே இரண்டு விரல் இறங்கி, உச்சியில் கொஞ்சம் தூக்கலும் இருந்தால் முகம் நீளவாக்கில் தெரியும். நீள முகக்காரர்களுக்கு இதெல்லாம் அப்படியே தலைகீழ்: கன்னத்தருகே லேயர், நெற்றியில் விழும் குட்டை முடியான ஃபிரிஞ்ச். சதுரத் தாடை என்றால், தாடை எலும்பின் மேலேயே முடி நேர்கோடாக வந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, ஈரமான முடி நீண்டு தெரியும். காய்ந்ததும் அலை முடி மேலே ஏறிவிடும். ஈரத்தில் தாடைக்குக் கீழே என்று வெட்டியது, வீட்டுக்கு வந்து பார்த்தால் தாடையிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் நான் எப்போதும் வேண்டியதைவிட ஓரிரு அங்குலம் நீளமாகவே விடச் சொல்லி, காய்ந்த பிறகு திருத்தச் சொல்வேன். ஒரு பார்லரில் கேட்காமலேயே ரேஸரால் நுனியைச் சீவிவிட்டார்கள். நுனியெல்லாம் பிசிறு பிசிறாகி, அது வளர்ந்து வெட்டுப்படும் வரை சிலிர்த்துக்கொண்டே இருந்தது. அலை முடிக்குக் கத்தரிதான் சரி.

தொண்ணூறுகளில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரால் உலகமெங்கும் பரவிய ‘ரேச்சல்’ லேயரைத் தனியாகப் பராமரிப்பது பெரும் பாடு என்று ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றால், போர் தண்ணீரில் தலை குளிக்கும் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே தினமும் முழுத் தலையையும் ப்ளோ ட்ரை செய்வதில்லை. முக்கால்வாசி தானாகக் காய்ந்ததும், முன்பக்கத்து இரண்டு கொத்தை மட்டும் உருண்டை பிரஷ்ஷில் சுற்றி, முகத்தை விட்டு வெளிப்பக்கமாக இழுத்துச் சூடு காட்டுவேன். சூடு ஆறும் வரை பிரஷ்ஷை உருவக் கூடாது. முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் விட்டுப்போய், காய்ந்து ஆறும்போது புது வடிவத்தில் பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் ஏறினால் அதே பிணைப்புகள் மறுபடி விட்டுவிடும். ஐப்பசி மழையில் எந்த ஸ்டைலும் மத்தியானம் வரை தாங்காததற்குக் காரணம் இதுதான். அந்த மாதங்களில் நான் கிளிப் கட்சி.

பின்னலைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கழுத்தடியில் ஆரம்பித்துப் பின்னினால் குட்டை லேயர்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். “கோழி கிளறின மாதிரி இருக்குடி” என்பார் அம்மா. உச்சியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக முடி சேர்த்துப் பின்னிக்கொண்டு வந்தால் லேயரெல்லாம் உள்ளே அடங்கும், பூவும் வழுக்காது. எண்ணெய் வைக்கும் நாளில் முன் கொத்தைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். அது கன்னத்தில் உரசிக்கொண்டே இருந்தால் எனக்குப் பரு வருகிறது.

முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். மூன்று மாதத்தில் முன் லேயர் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இறங்கி, தூக்கல் போய்விடும். அப்போது முன்பக்கத்தை மட்டும் திருத்திக்கொண்டு, முழு வெட்டை வருஷத்துக்கு இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிறேன். செலவும் கட்டுப்படியாகிறது.

மெல்லிய முடிக்கு நிறைய லேயர் வேண்டாம். மேலே குறைத்துக்கொண்டே போனால் கீழே எலிவால்தான் மிஞ்சும். என் தங்கைக்கு அப்படிப்பட்ட முடி. கீழே நுனி U வடிவில் வளையும் யூ கட், முன்னால் தாடைக்குக் கீழே இறங்கும் இரண்டு கொத்து, அவ்வளவுதான் வைத்திருக்கிறாள்.