இசைநாடகம் போட மண்டபமா, கோயில் வீதியா?

புதிதாக இசைநாடகம் தயாரிக்கும் தம்பிமார் கேட்பது இதுதான்: மண்டபத்தில் ரிக்கற் விற்பதா, திருவிழாவில் போடுவதா?

செலவு: மண்டபம் என்றால் வாடகை, ஒலி, ஒளி, சுவரொட்டி எல்லாம் உங்கள் தலையில். கோயிலில் மேடையும் ஒலிபெருக்கியும் பெரும்பாலும் உபயகாரர், அதாவது அன்றைய திருவிழாச் செலவை ஏற்பவர், பொறுப்பு.

வரவு: மண்டபம் நிறைந்தால் லாபம் முழுக்க உங்களுக்கே. நிறையாவிட்டால் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் வெறும் கதிரைகளுக்குப் பாட வேண்டியதுதான். கோயிலில் நட்டமில்லை, பேசிய தொகைக்கு மேல் ஒரு சதமும் வராது.

ஆயுள்: இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கோயில்தான். ஒருமுறை செய்த உடுப்பும் சீனும் (வரைந்த திரைகளும்) பல திருவிழாவுக்கு உழைக்கும். யாழ்ப்பாணத்து இசைநாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திரா’ ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப மேடையேறித்தானே நிலைத்தது?

மழை: மண்டபம்.

புதுக்கதை, புதுமெட்டு என்று பரிசோதிப்பவர் மண்டபத்துக்குப் போகட்டும். கைமுதல் குறைந்தவர் உபயகாரரைப் பிடிக்கட்டும். முற்பணம் வாங்காமல் மட்டும் ஒத்திகை தொடங்காதீர்கள்.