பாளையங்கோட்டை ஞாயிறு வகுப்பு: ஐரோப்பாவும் அகதிகளும்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் உலக அரசியல் வகுப்பு நடக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் இருந்து செங்கோட்டை பாசஞ்சரில் போய்ப் படித்து வருகிறேன். மாதம் 600 ரூபாய். ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய ஒரு பாடத்துக்கே அந்தப் பணம் தகும்.

சார் ஒப்பந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. 2015-இல் கடல் வழியாக மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரோப்பாவில் கரையேறியதில் தொடங்கினார். ஒன்றியத்தில் அப்போது இருந்த டப்ளின் விதிப்படி, முதலில் வந்திறங்கிய நாடுதான் பெரும்பாலும் புகலிட மனுவை விசாரிக்க வேண்டியிருந்தது. சுமை கிரீஸ், இத்தாலி தலையில் விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், 1,20,000 பேரைப் பிற நாடுகளுக்குப் பிரித்து அனுப்ப ஒன்றிய நாடுகள் வாக்கெடுப்பில் முடிவெடுத்தன. ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்தன. எதிர்த்து வாக்களித்த நாட்டையும் அந்த முடிவு கட்டுப்படுத்துமா? எங்களை இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விட்டார். எங்கள் ஊர்க் கன்னடியன் கால்வாயின் முறைத்தண்ணீரைச் சொல்லித்தான் நான் பேசினேன்: மேல்மடைக்காரர் முறையை மதிக்காவிட்டால் கடைமடை காய்ந்துபோகும்.

அப்புறம்தான் கணக்கைப் போட்டார். 2017-இல் ஒன்றியத்தின் நீதிமன்றம், அந்த முடிவை எதிர்த்து ஹங்கேரி, ஸ்லோவாக்கியா போட்ட வழக்குகளைத் தள்ளியது. சட்டப்படி ஒன்றியம் ஜெயித்தது. ஆனால் முந்தைய முடிவையும் சேர்த்து இலக்கு 1,60,000. உண்மையில் இடம் மாற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 35,000. அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு மனது கனத்துவிட்டது. அரசுகளின் சம்மதம் குறித்தே எல்லாரும் பேசினோம்; கிரீஸின் லெஸ்போஸ் தீவில் இருந்த மோரியா அகதி முகாமில் காத்துக் கிடந்தவர்களிடம் எந்த வாக்கெடுப்பும் கேட்கவில்லை. ஓர் அமைப்பு ஆளத் தகுதியானதா என்பதை அவர்களை நடத்திய விதத்தை வைத்தும் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. 2022-இல் உக்ரைன் மக்களுக்கு உடனே தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்ததையும், 2024-இன் புதிய குடியேற்ற, புகலிட ஒப்பந்தத்தையும் கடைசிக் கால் மணி நேரத்தில் அவசரமாக முடித்துவிட்டார். குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ் வழியில் எழுதுகிறவர்கள் திண்டாடுகிறார்கள்.

பெரிய குறை வேறு. எங்கள் நெல்லை மாவட்டத்திலேயே கோபாலசமுத்திரத்தில் இலங்கைத் தமிழர் அகதி முகாம் இருக்கிறது. பாடம் முழுக்க அந்தப் பெயர் வரவே இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. டெல்லிக்கு மேலே போய் முறையிட, ஐரோப்பாவில் இருப்பது போன்ற நீதிமன்றம் அந்த மக்களுக்குக் கிடையாது. இதற்காகவே தனியாக ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களும் கேளுங்கள்.