பீப்பாய் சவர் ஏல் என்று சொல்லி 5,400 ராண்ட் பறித்துவிட்டார்கள்: டர்பன் நண்பர்களே, வாங்கும் முன் இதைப் படியுங்கள்

5,400 ராண்ட். பீப்பாயில் ஊறிய கோல்டன் சவர் ஏல் என்ற புளிப்பு பீர் பன்னிரண்டு பாட்டில், ஒன்று 450 வீதம். அந்தப் பணத்துக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது சிரப் கலந்த புளிப்புத் தண்ணீர். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அதே கடை இந்த வார இறுதியிலும் டேஸ்டிங் வைக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். டர்பனில் கிராஃப்ட் பீர், அதாவது சிறிய அளவில் காய்ச்சும் பீர், விற்கும் கடை, உள்ளேயே ருசி பார்க்க மேசை உண்டு, ஆர்டர் எல்லாம் வாட்ஸாப்பில். அவ்வளவுதான் சொல்வேன்.

கோல்டன் சவர் ஏல் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். வெளிர் மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) காய்ச்சிய பீரை, ஒயின் இருந்த ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி ஒரு வருடம், இரண்டு வருடம் என்று விட்டுவிடுவார்கள். லாக்டோபேசிலஸ், பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் புளிப்பைக் கொடுக்கும். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையை மெதுவாகத் தின்று, ஈர வைக்கோலும் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசத்தைத் தரும். பீடியோகாக்கஸ் நடுவில் பீரைக் கொழகொழவென்று ஆக்கிவிடுவதும் உண்டு. அதைச் சரிசெய்வதும் அந்த ஈஸ்ட்தான், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற புளிப்பு பீரைக் காய்ச்சுகிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்துதான் கெஸ் என்ற பீரையே செய்கிறார்கள். நாம் காசு கொடுப்பது இந்தக் காலத்துக்கு.

குறுக்கு வழியும் உண்டு. கெட்டில் சவர். காய்ச்சும் பாத்திரத்திலேயே லாக்டோபேசிலஸைப் போட்டு ஓரிரு நாளில் புளிக்க வைத்து, கொதிக்கவிட்டு அதைக் கொன்று, மற்ற பீர் மாதிரி முடித்துவிடலாம். அதிலும் நல்ல பீர் இருக்கிறது. அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றால் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சரி, நடந்ததற்கு வருகிறேன். மைத்துனரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நல்லதாக ஏதாவது வாங்கலாம் என்று நானும் மனைவியும் போனோம். மேசையில் நின்ற பையன் எங்கள் பேச்சைக் கேட்டதும் "வணக்கம் அண்ணா, வாங்க அக்கா" என்றான். பாட்டி வீட்டில் தமிழ் பேசுவார், தனக்கு இவ்வளவுதான் வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். இந்த ஊரில் நாலு தலைமுறை தாண்டியும் ஒருவர் வாயில் அந்த இரண்டு வார்த்தை வந்தால் மனசு இளகத்தான் செய்யும். அப்புறம் உள்ளே கூட்டிப் போய்ப் பீப்பாயைக் காட்டினான். முகப்பில் ஒரு ஸ்டீல் ஆணி. குறடால் அதை இழுத்ததும் நூலாகப் பீர் பீச்சியது, கிளாஸில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்பச் செருகினான். அடைப்பைத் திறந்தால் காற்று புகுந்து உள்ளே இருப்பது வினிகராகிவிடும் என்பதால், பீப்பாய் வேலை தெரிந்தவர்கள் இப்படித்தான் எடுப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

ருசியும் அப்படியே இருந்தது. முதலில் எலுமிச்சை, அடுத்து பச்சை ஆப்பிள், கடைசியில் ஓக்கின் துவர்ப்பு நாக்கின் ஓரத்தைப் பிடித்து நின்றது. துளி இனிப்பு இல்லை. பீர் பக்கமே போகாத என் மனைவி இன்னொரு வாய் கேட்டாள். ஸ்டெலன்பாஷ் ஊரில் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் இருந்த பீப்பாய், பதினெட்டு மாதம் ஊறியது, 225 லிட்டர்தான், முந்நூறு பாட்டில்கூடத் தேறாது, இன்றே சொன்னால்தான் ஒதுக்கி வைக்க முடியும் என்றான். கார்டு மெஷின் வேலை செய்யவில்லையாம். இஎஃப்டி, அதாவது வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம், போடச் சொன்னான். 5,400 ராண்டைப் போட்டேன்.

பெட்டி வந்த அன்று மாலையே ஒன்றைக் குளிரவைத்துத் திறந்தோம். கிரானடில்லா (பேஷன் ஃப்ரூட்) சிரப் வாசம். மேலே புளிப்பு, அடியில் பச்சைச் சர்க்கரை. துவர்ப்பும் இல்லை, வைக்கோல் வாசமும் இல்லை. நுரை கிளாஸில் விழுந்ததும் செத்துப்போனது. பாட்டிலிலேயே மறுபடி நொதித்தது என்று லேபிளில் போட்டிருக்கிறது, ஆனால் அடியில் பொட்டு ஈஸ்ட் மண்டி கிடையாது, கண்ணாடி மாதிரி தெளிவு. உயிருள்ள பிரெட்டனோமைசிஸும் அவ்வளவு சர்க்கரையும் ஒரே பாட்டிலில் இருந்தால் வாயு ஏறி பாட்டிலே வெடித்துவிடும். ஈஸ்டை வடிகட்டியோ சூடாக்கிக் கொன்றோதான் இதை அடைத்திருக்க வேண்டும்.

போன் செய்தால் அதே பையன்: "சவர் பீர் புளிக்கத்தான் செய்யும் அண்ணா." நான் சொன்னது இனிப்பைப் பற்றி! அடுத்து மேனேஜர். டர்பன் வெயிலில் வைத்து நீங்களே கெடுத்திருப்பீர்கள் என்றார். வெயில் சிரப்பைச் சேர்க்குமா? மண்டியைக் காணாமல் போக்குமா? பிறகு ஒவ்வொரு பீப்பாயும் ஒரு மாதிரி என்றார். கடைசியில் முதலாளி லைனுக்கு வந்து, இந்தியக் குழம்பு சாப்பிடும் நாக்குக்கு இந்த நுணுக்கம் பிடிபடாது என்றார். புளியும் துவர்ப்பும் தின்று வளர்ந்த நாக்கிடம் இதைச் சொல்கிறார். என் மனைவி போனைப் பிடுங்கி அவருக்கு நன்றாகக் கொடுத்தாள். உடனே 2,000 ராண்டுக்குக் கடையில் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கினார். நான் கொடுத்தது 5,400 ராண்ட். முடியாது என்றேன். அன்றிலிருந்து வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

வங்கியில் கேட்டேன், இஎஃப்டி போன பணத்தை, வாங்கியவர் சம்மதிக்காமல் இழுக்க முடியாது என்கிறார்கள். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மாதிரியைக் காட்டி விற்றால் வந்து சேரும் பொருள் அந்த மாதிரிக்கும் சொன்ன விவரத்துக்கும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க 56ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டுக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் வாங்குபவர்களின் புகாரை விசாரிக்கும் நுகர்பொருள் ஆம்புட்ஸ்மனிடம் புகார் போகும்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கார்டில் மட்டும் கொடுங்கள், மெஷின் கெட்டுப்போனது என்றால் வெளியே வந்துவிடுங்கள். பீப்பாயிலிருந்து ருசி பார்த்தாலும், விற்கிற பாட்டிலில் ஒன்றை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் பிடித்து மண்டி இருக்கிறதா பாருங்கள், அடைத்த தேதி இருக்கிறதா பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வாசம் வந்தாலும் வேண்டாம், அது பீப்பாயில் காற்று புகுந்து கெட்டது.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றைத் திறக்காமல் வையுங்கள், லேபிள், பாட்டிலின் அடிப்பாகம், பணம் போட்ட ரசீது மூன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.