அடுப்படி வேலை தெரிந்த படம்: ‘பாய்லிங் பாயிண்ட்’

ரெஸ்டாரன்ட் பற்றிய படம் என்றாலே வெண்ணெய் உருகுவதையும் மல்லித்தழை தூவுவதையும் கிட்டே போய்க் காட்டி நாக்கில் எச்சில் ஊற வைத்துவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்னையில் ஒரு ஹோட்டல் கிச்சனில் கமி த்ரீயாக, அதாவது கடைநிலைச் சமையல் உதவியாளாகச் சேர்ந்து, வெங்காய மூட்டையில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலே வந்தவள் நான். இந்த மாதிரிப் படங்களில் என் கண் முதலில் போவது பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குத்தான். அங்கே ஆள் வராத நாளில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று காட்டுகிற படத்தை நம்பி உட்கார்ந்து பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் நான் பார்த்ததிலேயே முதலிடம் 2021-ல் வந்த பிரிட்டிஷ் படம் ‘பாய்லிங் பாயிண்ட்’டுக்கு. லண்டனில் ஒரு ரெஸ்டாரன்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கூட்டம் நெரிகிற ராத்திரி. தலைமைச் சமையல்காரர் ஆண்டியாக ஸ்டீபன் கிரஹாம். அவர் உள்ளே நுழையும்போதே சுகாதார ஆய்வாளர் வந்து நிற்கிறார். பதிவேடுகளைச் சரியாக எழுதி வைக்காததால், 5 ஆக இருந்த ரெஸ்டாரன்டின் சுகாதார மதிப்பெண் 3 ஆகக் குறைந்துவிடுகிறது. கிச்சனில் இருந்தவர்களுக்குத் தெரியும்: உணவு கெட்டுப்போய் மாட்டுவதைவிட, டெம்பரேச்சர் நோட்டு எழுதாமல் மாட்டுவதுதான் அதிகம். அந்த ஒரு இடத்திலேயே, இதை எடுத்தவர் வேலை தெரிந்தவர் என்று பிடிபட்டுவிட்டது. இயக்குநர் பிலிப் பரன்டினி பல வருஷம் சமையல்காரராக வேலை பார்த்தவர்.

மொத்தப் படமும், 92 நிமிடமும், வெட்டே இல்லாத ஒரே ஷாட். எட்டு முறை எடுக்கத் திட்டமிட்டு, கொரோனா ஊரடங்கு நெருங்கிவிட்டதால் நான்கோடு நிறுத்தி, மூன்றாவதைப் படமாக வெளியிட்டார்கள். இதை வித்தை காட்டுகிற வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்வீஸ் ஆரம்பித்து கேஓடி, அதாவது கிச்சனுக்கு வரும் ஆர்டர் சீட்டு, வரிசையாக விழத் தொடங்கினால் கடைசி டேபிள் எழுந்து போகும்வரை மூச்சுவிட நேரம் கிடையாது. நடுவில் சண்டை வந்தாலும் அடுப்பில் இருப்பது தீயக்கூடாது, அழுகை வந்தாலும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அவஸ்தையைக் காட்சி காட்சியாக வெட்டி ஒட்டியிருந்தால் பாதிதான் வந்திருக்கும். இங்கே கேமரா ஒரு சப்ளையர் பெண்ணின் பின்னாலேயே டேபிளுக்குப் போகிறது. அங்கே அவள் தோல் நிறத்துக்காகத் தாழ்வாக நடத்தப்படுவதைப் பார்க்கிறது. அவளோடே கிச்சனுக்குத் திரும்பி வருகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு டேபிளில் என்ன நடந்தது என்று தெரியாது. தட்டு திரும்பி வந்த கோபம்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்தது நமக்கு மட்டுமே.

பாத்திரம் தேய்க்கிற இடத்தையும் படம் விடவில்லை. ஒருவன் தாமதமாக வருகிறான். அதுவரை நிறைமாதக்காரி ஒருத்தி குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு காட்சி. ஸ்வீட் செக்‌ஷனில் ஒரு சின்னப் பையன் முழுக்கைச் சட்டையோடு வேலை செய்கிறான். கையை மடித்துவிடு என்கிறார் அவனுக்கு மேலே இருக்கும் எமிலி. மடித்ததும் கையில் பிளேடு தழும்புகள். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படியே கட்டி அணைத்துக்கொள்கிறார். கிச்சனில் நல்ல சீனியர் என்றால் இவர்தான். அப்படி ஒருவர் எனக்கும் வாய்த்திருந்தார். அதனால்தான் இந்தத் தொழிலில் நிலைத்தேன்.

படத்தின் உயிர் என்று நான் சொல்வது, ஆண்டிக்கு அடுத்த நிலையில் இருக்கும் கார்லி. நடித்தவர் வினெட் ராபின்சன். சம்பள உயர்வு பற்றிப் பேசுவதாக ஆண்டி சொன்னது சொன்னதாகவே நிற்கிறது. அவர் விட்ட வேலையையும் சேர்த்துத் தூக்கிச் சுமப்பவள் இவள்தான். இந்த நேரத்தில் மேனேஜர், சமூக ஊடகத்தில் பிரபலமான சிலருக்காக மெனுவிலேயே இல்லாத ஸ்டேக்கைச் செய்யச் சொல்கிறாள். பிறகு கிச்சன்மேல் குறையும் சொல்கிறாள். கார்லி அவளைப் பிடித்து விளாசுகிற அந்தக் காட்சியில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. பெண்ணாகக் கிச்சனில் நிற்கிறவர்கள் மனசுக்குள் எத்தனையோ தடவை பேசிப் பார்த்த பேச்சு அது.

கடைசி அரைமணி நேரத்தில் குறை உண்டு. கடன், குடி, பிரபல சமையல்காரரின் நெருக்கடி, சாப்பிட வந்தவருக்கு ஒவ்வாமை என்று எல்லாத் துன்பமும் ஒரே ராத்திரியில் வந்து குவிவது நம்பும்படியாக இல்லை. முடிவும் அவசரம். நடந்த தவறுக்குக் கார்லியைப் பலிகொடுக்கலாம் என்று பேச்சு எழும் இடத்தோடு படம் நின்றிருந்தாலே போதும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் படம் 1996-ன் ‘பிக் நைட்’. 1950-களின் நியூ ஜெர்சி, இரண்டு இத்தாலிய அண்ணன் தம்பிகள், அருமையான சமையல், ஈ ஓட்டுகிற டேபிள்கள். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோறு வாங்கிய வாடிக்கையாளர் கூடவே ஸ்பகெட்டியும் கேட்க, அண்ணன் கொதித்துப்போகிறான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தயிர்சாதம் கேட்டால் நம் மாஸ்டர் எப்படிப் பார்ப்பார், அப்படி. கடைசியில் தம்பி முட்டை உடைத்து ஆம்லெட் போட்டுப் பங்கு வைக்கிற நீள ஷாட்டில் ஏறக்குறைய பேச்சே இல்லை. சண்டை போட்டு ஓய்ந்த இரண்டு பேர் சமாதானமாவதை இதைவிட நன்றாக யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை. தொழில் தெரிந்த கை, உப்பு போடுவதிலிருந்தே தெரிகிறது.

மலையாள ‘உஸ்தாத் ஹோட்டல்’ (2012) பற்றிக் கேட்பீர்கள். தாத்தாவாக நடித்த திலகனுக்காக எத்தனை தடவையும் பார்க்கலாம். கதை மதுரைக்கு வரும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கிச்சன் வேலையின் பாரத்தைப் பாட்டுகளே தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேரப்போகும் பிள்ளைகளுக்கும், சேர்க்கப்போகும் பெற்றோர்களுக்கும் ‘பாய்லிங் பாயிண்ட்’டைத்தான் சொல்வேன். கெட்ட வார்த்தை நிறைய, போதை உண்டு, தழும்புக் காட்சி சிலரை உலுக்கும். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். பிடித்திருந்தால் 2023-ல் பிபிசியில் வந்த நான்கு பகுதித் தொடரையும் விடாமல் பாருங்கள். அதில் கார்லி சொந்தமாக ஒரு கிச்சனை நடத்துகிறாள்.