சின்னத் தையலுக்கு எது முதலில்: ஊசியா, விரல் தொப்பியா, சட்டமா?

மேல்துணி, நடு அடுக்கு, பின்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் குவில்ட். அதைக் கையால் தைக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஊசி வாங்கணும்" என்றுதான். ஊசி முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இஞ்சுக்கு நாலு தையலில் நிற்கிற கையை ஏழு, எட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நடுவிரலில் போடுகிற தொப்பியும், துணியை எவ்வளவு தளர்வாக மாட்டுகிறோம் என்பதும்தான். அதனால் அந்த வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. சிலர் மேல்பக்கம் தெரிகிற தையலை மட்டும் எண்ணுவார்கள், சிலர் கீழ்ப்பக்கத் தையலையும் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் ஒருவர் பத்து என்பதும் இன்னொருவர் ஐந்து என்பதும் ஒரே தையலாக இருக்கலாம். இங்கே நான் சொல்வது மேல்பக்கம் மட்டும். அந்தக் கணக்கில் எட்டு வந்தாலே நல்ல கை. அதைவிட, தையலும் இடைவெளியும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். இஞ்சுக்கு ஆறு ஒரே சீராக வந்தால், ஐந்தும் பத்துமாக மாறி மாறி வருவதைவிட எவ்வளவோ மேல்.

சரி, விரல் தொப்பி. தையல்காரர்கள் அங்குஸ்தான் என்பது. வேலூர் பஜாரில் சுலபமாகக் கிடைப்பது மெல்லிய தகரத் தொப்பி. அதன் குழிகள் ஆழமே இல்லை, ஊசியின் பின்முனை வழுக்கி நகக்கண்ணில் இறங்கும். காசு போட்டு வாங்குவதென்றால் குழி ஆழமாகவும் தலையைச் சுற்றி விளிம்பு கட்டியும் இருக்கிற பித்தளைத் தொப்பியாக வாங்குங்கள். ஊசி எங்கும் நகராது, நாலு தையலை ஒரே மூச்சில் தள்ளலாம். குறை என்னவென்றால் நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் அரை மணி நேரம் போட்டால் உள்ளே விரல் வியர்த்துத் தொப்பியே கழன்று விழும்.

இதற்கு எதிரில் தோல் தொப்பி. வெளிநாட்டில் இதைப் பாக்கெட்டில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை எதற்கு? ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் வேலைதானே. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர் யாராவது தெரிந்திருந்தால் லைனிங்குக்கு வருகிற மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்று கேட்டுப் பாருங்கள். வெள்ளாட்டுத் தோலே நல்லது, செம்மறித்தோல் மெத்தென்று இருந்தாலும் சீக்கிரம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். விரலைச் சுற்றி அளந்து, பக்கத்தில் ஒரு தையல், தலையில் ஒரு தையல், அவ்வளவுதான். ஊசி படுகிற இடத்தில் மட்டும் இன்னொரு துண்டை உள்ளே வைத்துத் தைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊசியின் பின்முனை கொஞ்ச நாளில் துளைத்துவிடும். உழைப்பில் பித்தளை ஜெயிக்கும், விரலுக்கு இதம் தோல். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் தோலைத்தான் சொல்வேன், ஏனென்றால் விரல் உணர்வு முழுசாக மரத்துப் போகாது, கழற்றி வைக்கத் தோன்றாது. கழற்றி வைத்த தொப்பியால் யாருக்கு லாபம்?

அடுத்து தைக்கிற முறை. குத்தித் தைப்பது ஒன்று: ஊசியை மேலிருந்து இறக்கி, கீழே பிடித்து இழுத்து, மறுபடி கீழிருந்து மேலே, ஒவ்வொரு தையலாக. எம்பிராய்டரி பழகினவர்களுக்கு இதுதான் கைக்கு வரும். மேலே பார்க்க அழகாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் கோடு வளைந்து வளைந்து போயிருக்கும். ராக்கிங் என்கிற முறையில் ஊசியை விரல்களால் பிடிப்பதே இல்லை. பின்முனை தொப்பியின் குழியில் உட்கார்ந்திருக்கும், கட்டைவிரல் முன்னால் துணியை அமுக்கிக்கொண்டிருக்கும், கீழே வைத்த கையின் விரல் நுனியில் ஊசி லேசாக உரசியதும் அந்த விரல் மேலே தள்ள, முனை எள்ளளவு வெளியே தெரிந்ததும் நிறுத்திவிட்டு ஊசியை மறுபடி செங்குத்தாக நிமிர்த்தி அடுத்த குத்து, இப்படி மூன்று நாலு தையல் ஊசியில் ஏறின பிறகு ஒரே இழுப்பு. தையல் சின்னதாவதும் பெரிதாவதும் இரண்டே இடத்தில் முடிவாகிறது: ஊசி செங்குத்தாக இறங்குகிறதா, முனை தெரிந்த உடனே நிறுத்துகிறோமா. வேகமும் சீரும் வேண்டுமென்றால் ராக்கிங்தான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நாலு துண்டுகளின் மூட்டு ஒன்றுசேர்கிற தடித்த இடத்தில் ஊசி ஆடாது; அங்கே மட்டும் குத்தித் தைத்துவிட்டுப் போங்கள். கீழ்விரல் புண்ணாகிறது என்பவர்கள் அந்த விரலுக்குப் பதிலாக ஒரு டீஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்க்கலாம், அதன் வளைவில் முனை ஏறித் தானே மேலே திரும்பும்.

ராக்கிங் வராததற்குப் பெரிய காரணம் துணியை மாட்டுகிற சட்டம். எம்பிராய்டரி வளையத்தில் துணியை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டிப் பழகிவிட்டோம். குவில்ட்டுக்கு அது ஆகாது. கீழிருந்து விரலால் அமுக்கினால் துணி ஒரு இஞ்ச் அளவுக்காவது மேலே எழும்ப வேண்டும், அப்போதுதான் ஊசி ஆட இடமிருக்கும். மெல்லிய எம்பிராய்டரி வளையம் மூன்று அடுக்கைப் பிடித்துக்கொள்ளாது, தடித்த குவில்ட் வளையம் பிடிக்கும், ஆனால் ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டியிருக்கும். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: பிளம்பிங் கடையில் முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பும் நாலு எல்போவும் வாங்கிச் சதுரமாகக் கோத்துவிட வேண்டியது, மிச்சப் பைப்பில் நீளவாக்கில் ஒரு கீற்றை வெட்டி எடுத்துவிட்டால், மீதி இருக்கிற பைப்பே துணியைச் சட்டத்தோடு பிடிக்கிற கிளிப். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், துணி கிழியாது. கிளிப்பைக் கொஞ்சம் உள்பக்கம் உருட்டினால் துணி தளர்ந்துவிடும். சட்டமே இல்லாமல் மடியில் போட்டுத் தைப்பது பழைய சேலைகளை அடுக்கித் தைக்கிற வங்காளத்துக் காந்தாவில் உள்ள வழிதான், ஆனால் முன்னாலேயே பெரிய பெரிய தையலாக நெருக்கி இழையோட்டி வைக்காவிட்டால் பின்துணி சுருங்கிக்கொள்ளும்.

இப்போது ஊசி. குவில்ட்டுக்கு வேண்டியது பிட்வீன்ஸ் என்கிற குட்டை ஊசி. எண் ஏற ஏற ஊசி மெலியும், குட்டையாகும். 8, 9 பழகுவதற்கு, 10 பெரும்பாலானவர்கள் நிற்கிற இடம், 12 கண்ணும் பொறுமையும் இருப்பவர்களுக்கு. ஷார்ப்ஸ் என்கிற நீள ஊசி ராக்கிங்கில் வளைந்துகொள்ளும். ஆனால் நீளமான விரல் உள்ளவர்களுக்கு அதுவே வசதி, அடம்பிடித்துக் குட்டை ஊசி போட வேண்டியதில்லை.

நடு அடுக்கு பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தையலின் நீளத்தைப் பாதி தீர்மானிப்பது அதுதான். பாலியஸ்டர் ஷீட்டில் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும், போர்த்திக்கொண்டால் வேலூரில் பத்து நிமிஷம் தாங்காது. பருத்தி வாட்டிங், அதாவது விரிப்பாக வருகிற பஞ்சு, மெல்லியது கிடைத்தால் சரி. இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம், ஒதுங்கி ஒதுங்கி மூலைக்குப் போய்விடும். நம் ஊருக்கு, பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலை ஒன்று நடுவில் போதும். கீழே பழைய குடியாத்தம் லுங்கி. நெருக்கமாக நெய்த புது பெட்ஷீட்டைப் பின்துணியாகப் போட்டால் எந்த ஊசியும் முரண்டு பிடிக்கும்.

நூலுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கஞ்சி மெருகு ஏற்றின குவில்ட் பருத்தி நூல் என்றால் அப்படியே தைக்கலாம், சாதா பருத்தி நூல் என்றால் தேன்மெழுகில் ஓட்டிவிட்டு. ஒன்றரை அடிக்கு மேல் வெட்டாதீர்கள். உருளையிலிருந்து முதலில் வந்த நுனியை ஊசியில் கோத்து, வெட்டின பக்கம் முடிச்சு.

கோடு போடுவதில் நீலத் தண்ணீர்ப் பேனா வெளிர் துணிக்கு நல்லது, ஆனால் அலசுவதற்கு முன் இஸ்திரி போட்டால் கறை நின்றுவிடும். சூட்டில் மறைகிற பேனா உறையும் குளிரில் திரும்பத் தெரியும் என்று பயமுறுத்துவார்கள். ஃப்ரீஸருக்குள் போர்வையை வைத்தால் ஒழிய வேலூரில் அந்தப் பயம் இல்லை. அடர்நிறத்தில் வெள்ளைத் தடம் விடுவதுதான் நிஜப் பிரச்சினை. அடர்நிறத் துணியில் கோடு போட, பேனாவுக்குப் பதில் கரைந்து மெலிந்த சோப்புத் துண்டே போதும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டும் பத்தாம் நம்பர் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாலோ, விரல் மூட்டு வலிக்கிறது என்றாலோ, பெரிய தையலுக்கே போய்விடுங்கள். ஆங்கர் பேர்ல் காட்டன் 8 என்கிற தடித்த எம்பிராய்டரி நூல், அகலக் காது உள்ள எம்பிராய்டரி ஊசி, இஞ்சுக்கு நாலு. அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலைத் துணிகளில் தைத்த போர்வைகளை 2002-இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் மாட்டினார்கள். அவற்றில் பலவற்றில் தையல் பெரிசு பெரிசாகத்தான் இருக்கும்.